அடைபட்ட நாடிகளைத் திறந்தவர்கள்

வாய்க்கால் தூர்ந்தால் என்ன நேரும் என்பதைக் கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பகுதி வயற்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மடை திறந்தும் தண்ணீர் கடைசி வயலை எட்டாது. தூர்வை மெல்ல நிகழ்ந்ததாயின், தண்ணீர் பக்கத்துச் சிறு கால்களில் வழிதேடிக் கசிந்து பயிரை அரையுயிராக வைத்திருப்பதும் உண்டு. இதயத்துக்குக் குருதி கொணரும் முடியுருநாடி முற்றாக அடைபடும்போது நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. மூன்று மாதங்களுக்கு மேல் முழுவதும் அடைபட்டுக் கிடப்பதை வைத்தியர்கள் நாட்பட்ட முழு அடைப்பு என்பர். நெஞ்சைப் பிளக்காமல், கையிலோ தொடையிலோ இட்ட சிறு துளை வழியே அதனைத் திறக்கும் வித்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதிற் சில பக்கங்கள் மறக்கப்பட்டவை.

1929இல் ஜேர்மனியின் ஏபர்ஸ்வால்டே நகரில் வேர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் வைத்தியர், சிறுநீர்க் குழாய்க்கு உபயோகிக்கும் கதீற்றரைத் தம் கைநாளத்தினூடே 65 சென்ரிமீற்றர் வரை செலுத்தி, நடந்தே சென்று எக்ஸ் கதிர்ப் படம் பிடித்துக்கொண்டார். மேலதிகாரி தடுத்திருந்தார். கருவிகள் கேர்டா டிட்சன் என்னும் தாதியின் பொறுப்பில் இருந்தன. அவரோ, சோதனைக்குத் தம் உடலையே தர முன்வந்தார். அவரை மேசையிற் பிணைத்துவிட்டுப் போர்ஸ்மன் தம் கையிலேயே துளையிட்டார். 1956இல் போர்ஸ்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தாதியோ கதையின் ஓரத்தில் ஒரு பெயராக எஞ்சினார். அதே போர்ஸ்மன் 1932இல் நாஜிக் கட்சியிற் சேர்ந்தவர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடைப்பைத் திறக்கும் எண்ணம் ஒரு தற்செயலிற் பிறந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சார்ள்ஸ் டொட்டர் 1963இல் படம் எடுப்பதற்காகச் செலுத்திய கதீற்றர், முற்றாக அடைபட்ட இடுப்பு நாடியொன்றைத் துளைத்துச் சென்றுவிட்டது. மறு ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், காலை வெட்ட மறுத்த 82 வயது மூதாட்டியொருவரின் நாடியை அவர் வேண்டுமென்றே விரித்தார். கால் பிழைத்தது. ஆயினும் அறுவை வைத்தியர்கள் அவரைப் பைத்தியக்காரன் என்றனர். படம் மட்டும் எடுக்கட்டும், திருத்த முயல வேண்டாம் என்று சீட்டிலே எழுதி அனுப்பியவரும் உண்டு. தொழிற் பொறாமைக்கு விஞ்ஞானமும் விலக்கன்று போலும்!

அந்த வழியைப் பற்றிக்கொண்ட அந்திரேயாஸ் குருன்ட்சிக், தம் வீட்டுச் சமையலறை மேசையிலே பலூன் கதீற்றர்களை உருவாக்கி, 1977 செப்டம்பர் 16இல் சூரிச் நகரில் முதன்முறையாக முடியுருநாடியைப் பலூனால் விரித்தார். இந்தியாவில் 1986இல் சென்னையில் மத்தியு சாமுவேல் களரிக்கல் அதனைத் தொடங்கினார்.

குறுகிய நாடிக்குப் பலூன் போதும். முழு அடைப்போ கல்லாய் இறுகியது. அதன் முன்னே 0.36 மில்லிமீற்றர்க் கம்பியும் வளைந்து நிற்கும். ஒன்றில் விறைத்த கம்பியால் துளைக்க வேண்டும். அல்லது நாடிச் சுவரின் படைகளுக்கிடையே புகுந்து அப்பால் வெளிப்பட வேண்டும். 2000க்குப் பின் ஜப்பானிய வைத்தியர் ஒசாமு கத்தோ முதலியோர் மூன்றாவது வழியொன்றை வளர்த்தெடுத்தனர்: உடலே உண்டாக்கிக்கொண்ட பக்கக்கால்களினூடே சென்று, அடைப்பைப் பின்புறத்திலிருந்து தாக்குதல்.

இதனால் நெஞ்சுவலி தணிகிறது என்பதை 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டிற்று. ஆயுள் நீள்கிறது என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் விற்பனையாளர் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. திறந்த நாடியைத் தாங்கும் ஸ்டென்டுக்கு எத்தகைய கொள்ளை இலாபம் வைக்கப்பட்டிருந்தது என்பது 2017இல் அம்பலமாயிற்று. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் விற்கப்பட்ட மருந்து பூசிய வகைக்கு இந்திய அரசு 29,600 ரூபாய் என உச்சவிலை விதித்தது.

இலங்கையில் இத்தகைய சிகிச்சைக்குரிய கருவிகளும் நிபுணர்களும் நெடுங்காலம் பெரும்பாலும் கொழும்பிலேயே குவிந்திருந்தனர். கல்முனையிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். வைத்தியம் இலவசம், பிரயாணமும் இழந்த நாட்கூலியும் இலவசமல்ல. ஆகவே வரம்பில் நடக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் மனிதன் அதனை வாய்வு என்று சொல்லிச் சோடா குடிக்கிறான். மாதங்கள் செல்ல, அடைப்பு மேலும் இறுகுகிறது.