ஈம் கிராமத்துப் பதிவேடு

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "டெக்னிக்கலா வேண்டாம்ப்பா, எல்லாரும் படிக்கிற மாதிரி ஏதாவது குடு" என்றார். வேலை நிமித்தம் சில மாதங்கள் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருந்தேன். அப்போது பக்கத்து டெர்பிஷயர் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் வந்தேன். அந்த ஊர்க் கதையைத்தான் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'எயாம்' என்று வரும். ஊர்க்காரர்கள் 'ஈம்' என்பார்கள். நம் காதுக்கு 'ஈமம்' ஞாபகம் வருவது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் கிராமத்துச் சரித்திரத்துக்கு ஆதாரம் பாரிஷ் பதிவேடு. பாரிஷ் என்றால், நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பங்கு, சேகரம் என்பார்களே, அதுதான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு கோவிலிலும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538-இல் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டார். ராஜா ராணி கதையில் இடமே இல்லாத தையற்காரர், சுரங்கத் தொழிலாளி, ஆடு மேய்த்தவர் பெயரெல்லாம் நமக்குக் கிடைப்பது இந்த நோட்டுப் புத்தகங்களால்தான். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்பதும் இங்கேதான்.

1665-இல் லண்டனில் பிளேக். அங்கிருந்து ஈமுக்கு ஒரு துணிப் பார்சல் வந்ததாம். ஈரமாக இருந்த துணியை நெருப்பு முன்னால் உலர்த்திய தையற்காரர் ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பர் 7-ஆம் தேதி அடக்கம் செய்யப்பட்டார். துணியில் தெள்ளுப்பூச்சி இருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். விக்கர்ஸ் குடியிருந்த வீட்டுக்காரி மேரி. அவளுடைய மகன்கள் எட்வர்ட், ஜோனத்தான் இருவரும் அடுத்த சில வாரங்களில் போனார்கள். மறுவருடம் கணவரும் போனார். மொத்தம் 13 உறவினரை இழந்த மேரி பிழைத்துக்கொண்டாள். அந்த வீட்டு வாசலில் இன்றும் பலகை இருக்கிறது. அடுத்த வீட்டுப் பலகையில் தார்ப் குடும்பம்: ஒன்பது பேர் இருந்தார்கள், ஒன்பது பேரும் போனார்கள்.

குளிர்காலத்தில் கொஞ்சம் அடங்கிய நோய் 1666 கோடையில் மறுபடி கிளம்பியது. ஊர்ப் பாதிரியார் வில்லியம் மோம்பசன் வயதில் இளையவர், வந்து இரண்டு வருடம்தான். ஊர்க்காரர்கள் மதித்தது முந்தைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியை. அவரோ அரசாங்கம் கொண்டுவந்த சமயச் சட்டத்துக்கு இணங்காததால் 1662-இல் பதவி இழந்தவர். கொள்கையில் எதிரும் புதிருமான இந்த இருவரும் சேர்ந்துதான் ஜூன் மாதத்தில் ஏற்பாடு செய்தார்கள். கோவில் பூட்டப்பட்டது, ஆராதனை திறந்தவெளிப் பள்ளத்தாக்கில் நடந்தது. அவரவர் வீட்டுச் சாவை அவரவரே தோட்டத்திலோ வயலிலோ புதைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் எல்லையைத் தாண்டக்கூடாது. டெவன்ஷயர் பிரபு வெளியிலிருந்து உணவு அனுப்பினார். எல்லைக்கல்லில் குழி இருக்கிறது. காசை வினிகர் ஊற்றிய அந்தக் குழியில் போட்டு வைப்பார்கள், சாமானை வெளியூர்க்காரர் வைத்துவிட்டு விலகிப் போவார். கிருமி என்ற சமாசாரமே தெரியாத காலத்து ஏற்பாடு இது.

ரைலி பண்ணை ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. ஆகஸ்ட் 3-லிருந்து 10-க்குள் எலிசபெத் ஹான்காக் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அங்கே புதைத்தாள். எட்டு நாளில் ஏழு குழி. உதவிக்கு யாரும் வரவில்லை, வரவும் முடியாது. அந்தக் கற்கள் இன்று சுற்றுச்சுவருக்குள் நிற்கின்றன. அங்கே நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

நவம்பர் 1-ஆம் தேதியோடு சாவு நின்றது. 76 குடும்பங்களில் 259 பேர் என்று அந்த மாதமே மோம்பசன் கடிதத்தில் கணக்குக் கொடுத்தார்.

இந்த இடத்தில் என் இன்ஜினியர் புத்தி விழித்துக்கொண்டது. 259, சரி. எத்தனையில் 259? நெடுங்காலம் ஊர் ஜனத்தொகை 350 என்றுதான் சொல்லி வந்தார்கள். அப்படியென்றால் நாலில் மூன்று பங்கு சாவு. பின்னால் வரிக் கணக்கையும் பதிவேட்டையும் ஒப்பிட்டவர்கள் 700-க்கு மேலேயே இருக்கும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பகுதி எண் மாறினால் கதையே மாறுகிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதே பதிவேட்டின் தேதிகளைக் கணித மாடலில் போட்டுப் பார்த்தது. எலித்தெள்ளால் நேரடியாக வந்தது சுமார் கால் பங்குதான், மீதி மனிதரிடமிருந்து மனிதருக்கு, அதிலும் வீட்டுக்குள்ளேயே அதிகம் பரவியது என்றது. அதாவது எல்லையை அடைத்தது சுற்றுவட்டாரத்தைக் காப்பாற்றியிருக்கலாம். உள்ளே இருந்தவர்களுக்கோ நோயாளியைப் பார்த்துக்கொண்டதே வினையாகியிருக்கிறது. 2020-ஐப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். ஊரே ஒருமனதாகத் தியாகம் செய்தது என்று பிற்காலத்தார் எழுதினார்கள். 1842-இல் வில்லியம் உட் எழுதிய ஊர்ச் சரித்திரம் இதை ரொம்பப் பிரபலமாக்கியது. ஆனால் வசதி இருந்த சிலர் முன்னமே கிளம்பிவிட்டார்கள். மோம்பசனும் தன் இரண்டு குழந்தைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிள்ளை பெற்றவன். ஆனாலும் போக இடம் இல்லாததால் இருந்தவர் எத்தனை பேர், போக இடம் இருந்தும் இருந்தவர் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் எழுதி வைக்காது. இரண்டாவது வகையில் ஒருத்தியை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்: மோம்பசனின் மனைவி கேத்தரின். குழந்தைகளை அனுப்பிவிட்டுக் கணவரோடு தங்கினாள். 1666 ஆகஸ்ட் 25-இல் இறந்தாள். கோவில் வளாகத்தில் அவள் கல்லறை இருக்கிறது.

சில வருடம் கழித்து மோம்பசன் நாட்டிங்காம்ஷயரில் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாறிப் போனார். பிளேக் ஊரிலிருந்து வந்தவர் என்று அங்கத்து ஜனங்கள் பயந்து ஊருக்குள் விடவில்லையாம். கொஞ்ச நாள் பக்கத்துக் காட்டில் குடிசை போட்டுத் தங்கினார் என்று சொல்கிறார்கள்.