ஜாவா வழக்கு: பெயர்களுக்கு உரிமையாளர் உண்டா?

2021 ஏப்ரல் 5ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புடன், பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இழுபட்ட வழக்கொன்று முடிவுக்கு வந்தது. வழக்காளி ஒரக்கிள் நிறுவனம், எதிராளி கூகுள். ஒரு கட்டத்தில் ஒரக்கிள் கோரிய நட்டஈடு ஏறத்தாழ 900 கோடி டொலர். பிணக்குக்குரிய பொருளோ சுமார் 11,500 வரிகள் மட்டுமே. கூகுள் வென்றது என்பதே பலரது நினைவில் எஞ்சியுள்ளது. ஆனால், வழக்கின் மூலக் கேள்விக்கு அந்நீதிமன்றம் விடையளிக்கவேயில்லை.

ஜாவா, 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட கணினி மொழி. ஜேம்ஸ் கொஸ்லிங் முதலானோர் ஆக்கியது. ஒருமுறை எழுதிய நிரல் எந்தக் கணினியிலும் இயங்க வேண்டும் என்பதே அதன் இலட்சியம். எனவே, அம்மொழி பிளவுபடுவதைச் சன் சகித்துக்கொள்ளவில்லை. மைக்ரோசொப்ட் தனக்கேற்றவாறு ஜாவாவை மாற்றியதாகக் கூறி 1997இல் வழக்குத் தொடர்ந்தது. 2001இல் மைக்ரோசொப்ட் 2 கோடி டொலர் செலுத்தி அப்பிணக்கைத் தீர்த்துக்கொண்டது.

இங்கு வாசகர்கள் ஒரு நுட்பத்தை விளங்கிக்கொள்வது அவசியம். இரண்டு எண்களில் பெரியது எதுவெனக் கண்டறியும் நிரலை எவரும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதில்லை. ஜாவாவின் நூலகத்தில் 'மக்ஸ்' என்ற பெயரில் அது ஏற்கனவே உள்ளது. பெயர்சொல்லி அழைத்தால் போதும். அப்பெயரும், அது எத்தொகுதியில் எவ்வகுப்பின் கீழ் உள்ளது, எதைப் பெற்று எதைத் தரும் என்ற அறிவிப்பும் ஒரு பகுதி. அப்பணியை உண்மையில் செய்துமுடிக்கும் நிரல் மற்றொரு பகுதி. ஏ.பி.ஐ. எனப்படும் நிரல் இடைமுகம் தொடர்பான இவ்வழக்கில் சர்ச்சைக்குள்ளானது முதற்பகுதியே. நிரலாளர்கள் பல ஆண்டுகள் பழகி மனத்தில் பதித்து வைத்திருப்பதும் அதனையே.

2005இல் அன்ட்ரொயிட் நிறுவனத்தை வாங்கிய கூகுள், ஜாவா அனுமதி தொடர்பில் சன்னுடன் பேசியது. பேச்சு கைகூடவில்லை. எனவே, செயற்படுத்தும் நிரலைப் பெரும்பாலும் புதிதாக அமைத்துக்கொண்டு, 37 தொகுதிகளின் அறிவிப்புகளை மட்டும் அவ்வாறே எடுத்துக்கொண்டது. ஜாவா கற்றவர்கள் புதிதாக எதையும் பயிலாமல் கைத்தொலைபேசிக்கு நிரல் எழுத வேண்டும் என்பதே நோக்கம். 2007 நவம்பரில் அன்ட்ரொயிட் அறிவிக்கப்பட்டபோது, சன்னின் தலைவர் ஜொனதன் ஷ்வார்ட்ஸ் தமது வலைப்பதிவில் அதனை வரவேற்று வாழ்த்தினார். 2010 ஜனவரியில் சன் நிறுவனம் ஒரக்கிளின் கைக்கு மாறியது. அதே ஆண்டு ஓகஸ்டில் வழக்குத் தாக்கலாயிற்று.

2012இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விசாரணையில் சன்னின் முன்னாள் தலைவர்கள் இருவர் எதிரெதிர்த் தரப்புகளில் சாட்சியமளித்தனர். ஷ்வார்ட்ஸ் கூகுளுக்குச் சாதகமாகவும், ஸ்கொட் மக்நீலி ஒரக்கிளுக்குச் சாதகமாகவும் பேசினர். ஜாவாவுக்கு உரிமம் பெறவேண்டும் என்று கூகுள் பொறியியலாளர் ஒருவர் எழுதிய மின்னஞ்சலும் மன்றில் காட்டப்பட்டது. நிரல் எழுதும் பழக்கமுள்ள நீதிபதி வில்லியம் அல்சப், இத்தகைய இடைமுகத்துக்குப் பதிப்புரிமை இல்லையென அவ்வாண்டு மே மாதம் தீர்ப்பளித்தார். அதே மாதத்தில், லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றமும் வேறொரு வழக்கில், ஒரு நிரலின் செயற்பாட்டையோ கணினி மொழியையோ பதிப்புரிமை பாதுகாக்காது எனக் கூறியிருந்தது.

ஆனால், அமெரிக்காவில் கதை வேறு திசையில் சென்றது. ஒரக்கிளின் முறைப்பாட்டில் ஆக்கவுரிமைக் குற்றச்சாட்டுகளும் இருந்தமையால், மேன்முறையீடு அத்தகைய வழக்குகளுக்கென அமைந்த பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆக்கவுரிமைக் குற்றச்சாட்டுகளை ஜூரிகள் ஏற்கனவே நிராகரித்திருந்தனர் என்பது வேறு விடயம். 2014இல் அந்நீதிமன்றம் அல்சப்பின் தீர்ப்பைப் புரட்டியது. 2016இல் ஜூரிகள் கூகுள் செய்தது நியாயமான பயன்பாடே என்றனர். 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனையும் புரட்டியது.

இறுதியில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால் கூகுளின் பக்கம் நின்றது. எடுக்கப்பட்ட வரிகள் முழு இடைமுக நிரலான 28 இலட்சத்து 60 ஆயிரம் வரிகளில் 0.4 வீதமே எனச் சுட்டிய நீதிபதி ஸ்டீவன் பிறேயர், நிரலாளர்கள் தாம் கற்ற திறனைப் புதிய தளத்தில் பயன்படுத்த அவை தேவைப்பட்டன என்றார். ஆனால், அவ்வறிவிப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டென வாதத்துக்காக மட்டும் வைத்துக்கொண்டே அவர் அம்முடிவுக்கு வந்தார். முதற்கேள்வியைப் பெரும்பான்மையினர் தாண்டிச் சென்றுவிட்டனர் என்பதே மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தோமஸின் குறை. அக்குறையில் நியாயம் உண்டு.

வரலாற்றில் ஒரு முரண்நகையும் உள்ளது. ஒரக்கிளைச் செல்வந்த நிறுவனமாக்கிய தரவுத்தளம், 1970களில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வகுத்து வெளியிட்ட எஸ்.கியூ.எல். மொழியின்மீது கட்டப்பட்டது. 1979இல், ஐ.பி.எம். தனது தயாரிப்பைச் சந்தைப்படுத்துவதற்கு முன்பே, அன்று வேறு பெயரில் இயங்கிய அந்நிறுவனம் முந்திக்கொண்டது. பிறர் வகுத்த சொற்களைப் பேசியே அதுவும் வளர்ந்தது.

நியாயமான பயன்பாடு என்பது வழக்குத் தொடரப்பட்ட பின்னர் எதிராளி எடுத்துரைக்க வேண்டிய வாதம். சம்பவத்துக்குச் சம்பவம் வேறுபடுவது. பத்தாண்டுகள் சட்டத்தரணிகளுக்குப் பணம் செலுத்தக் கூகுளால் முடிந்தது. அதே பெயர்களை எடுத்தாண்டது ஐந்து பேர் கொண்ட சிறு நிறுவனமாக இருந்திருந்தால், அது முதல் வருடத்திலேயே சமரசத்துக்குப் போயிருக்கும். நீதிபதி பிறேயரின் தீர்ப்பும் எழுதப்பட்டிராது.