உடை மாறிற்று, உள்ளம் மாறவில்லை!

ஆண் உடை அணிந்தாள் நங்கை. கல்விக்கூடத்தின் கதவு திறந்தது. கூந்தலை மறைத்தாள், கூலி கிடைத்தது. குரலைத் தாழ்த்தினாள், அவையிலே நின்று வாதாடும் உரிமை வந்தது. அந்த ஆடையா அறிவைக் கொடுத்தது? அந்தத் தலைப்பாகையா ஆற்றலைத் தந்தது? இல்லை! அறிவும் ஆற்றலும் முன்பே அவளிடம் இருந்தன. இல்லாதிருந்தது ஊராரின் இசைவு ஒன்றுதான்.

இந்த உண்மையைக் கிழக்காசிய மக்கள் நெடுங்காலமாகக் கதையாக்கி, மேடையேற்றி, படமாக்கிக் களித்து வந்துள்ளனர். ஆண் வேடமிட்ட பெண்ணின் காதற்கதை என்றால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால், சிரிப்பின் அடியிலே ஒரு கேள்வி ஒளிந்து கிடக்கிறது. அவளை ஆண் என்று எண்ணியபடியே ஒருவன் அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறானே, அந்தக் காதலுக்கு என்ன பெயர்? அதனை எப்படி நடத்தின இந்தக் கதைகள்? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

சீனத்தின் பழங்கதை, ஷூ யிங்தாய் என்பவளுடையது. கல்விக்கூடம் ஆண்களுக்கே என்றிருந்த காலம். ஆணாக உடுத்து, ஹாங்சௌ நகருக்குப் படிக்கச் செல்கிறாள் அவள். உடன் பயில்கிறான் லியாங் ஷான்போ. மூன்று ஆண்டுகள் ஒன்றாகப் படித்தும் உண்மையை அவன் உணரவில்லை. பிரியும் வேளையிலே குறிப்பால் உணர்த்துகிறாள். குறிப்பும் புரியவில்லை, அந்த நல்லவனுக்கு! புரிந்தபோதோ, வேறோர் இல்லத்தில் அவளுக்கு மணம் பேசி முடித்துவிட்டனர். ஏக்கத்தால் மடிகிறான் அவன். மணமகளாகச் செல்லும் வழியில் அவன் கல்லறை பிளக்கிறது. உள்ளே பாய்கிறாள் அவள். இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் பறந்தன என்று கதை முடிகிறது. பறக்க விட்டார்கள், வாழ விடவில்லை!

1963-ஆம் ஆண்டு, ஹாங்காங்கின் ஷா சகோதரர்கள் நிறுவனம் இக்கதையை இசைப்படமாக்கிற்று. இயக்கியவர் லீ ஹான்ஷியாங். யிங்தாயாக நடித்தவர் பெட்டி லோ டி. அவள் காதலித்த ஆண்மகனாக நடித்தவர் யார்? லிங் போ. அவரும் ஒரு பெண்ணே! தைவான் மக்கள் அந்தப் படத்தைக் கண்டு உருகினர். லிங் போ தைப்பே நகருக்கு வந்தபோது வீதியெல்லாம் மக்கள் வெள்ளம். அங்கே வழங்கப்படும் பொற்குதிரை விருதுகளில், சிறந்த நடிகை விருது லோ டிக்குச் சென்றது. லிங் போவுக்கோ நடிகர் வரிசையிலும் அன்றி, நடிகை வரிசையிலும் அன்றி, தனிச் சிறப்பு விருது ஒன்று அளித்தனர். ஆண், பெண் என்ற இரண்டே பெட்டிகளில் அவருடைய நடிப்பு அடங்கவில்லை போலும்!

வியப்பதற்கில்லை. அந்நாடுகளின் மேடை இதற்குப் பழகிய மேடை. ஜப்பானிலே, கபுகி மேடையில் பெண்கள் தோன்றலாகாது என 1629-இல் ஆட்சியாளர் தடை விதித்தனர். பின்னர் ஆடவரே பெண்ணாக நடித்தனர். அதே ஜப்பானில், 1914-இல் முதல் நிகழ்ச்சியை நடத்திய தகராசூகா குழுவிலே பெண்களே ஆணாகவும் நடிக்கின்றனர். சீனத்தின் மெய் லான்ஃபாங், பெண் வேடத்தாலேயே உலகப் புகழ் பெற்றவர். மேடையிலே வேடம் என்றால் கை தட்டினர். வேடம் களைந்த பின்னும் காதல் அப்படியே நின்றால்? அங்கேதான் கை தயங்கிற்று.

அந்தத் தயக்கத்தைத் தொட்டுக் காட்டிற்று, 1994-இல் ஹாங்காங்கில் பீட்டர் சான் இயக்கிய நகைச்சுவைப் படம் ஒன்று. ஆடவர் இருவரின் உறவைக் குற்றமெனக் கூறிய சட்டம் அங்கு நீங்கியதே 1991-இல்தான் என்பதை நினைவிற் கொள்க. பாடகி ஒருத்தியைக் காணும் ஆவலால், ஆண் வேடமிட்டுப் போட்டியில் நுழைகிறாள் இளம்பெண், அனிடா யுவென். இசைத் தயாரிப்பாளரான லெஸ்லி சியுங், அந்த ‘இளைஞனிடம்’ உள்ளம் இழக்கிறார். இழந்தபின் அஞ்சுகிறார், விலகி ஓடுகிறார், தன்னையே ஐயுறுகிறார். இறுதியில், ஆணாயினும் பெண்ணாயினும் தன் அன்பு மாறாது என்று கூறி ஏற்கிறார். துணிவான பேச்சுத்தான். ஆனால், அவர் அதைக் கூறும்போது அவள் பெண்ணுடையிலே வந்து நிற்கிறாள்!

கொரியா ஓரடி முன்னே சென்றது. 2007-இல் எம்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘காஃபி பிரின்ஸ்’ தொடரிலே, குடும்பச் சுமையைத் தாங்கும் ஏழைப்பெண் கோ உன்-சான், ஆடவர்க்கே வேலை தரும் காப்பிக் கடையில் ஆணாக நடித்துச் சேருகிறாள். முதலாளி சோய் ஹான்-கியுல் அவளிடம் மயங்குகிறான். பல நாள் தன்னோடு போராடிய பிறகு, நீ ஆணாகவே இரு, எனக்குக் கவலையில்லை என்று முடிவுக்கு வருகிறான். கவனியுங்கள்! உண்மை அவனுக்கு அப்போது தெரியாது. ஆண் என்று நம்பியே ஆணை ஏற்றான். பிறகுதான் உண்மை வெளிப்படுகிறது. ஏமாற்றப்பட்டேனே என்று சினம் எழுகிறது. சினம் தணிந்து காதல் கூடுகிறது.

2010-இல் வந்தது ‘சங்கியுன்குவான் ஸ்கேண்டல்’. பதினெட்டாம் நூற்றாண்டு, ஜொங்ஜோ மன்னர் காலம். அரசுத் தேர்வும் உயர்கல்வியும் பெண்ணுக்கில்லை. தம்பியின் பெயரைத் தாங்கி, 1398-இல் தோன்றிய அந்தப் பெருங்கல்விக்கூடத்திலே நுழைகிறாள் கிம் யூன்-ஹி. நெறி தவறாத மாணவன் லீ சொன்-ஜூன், ஆணை விரும்புகிறோமே என்று துடிக்கிறான். இருவரும் மணம் புரிந்த பின்னும், கல்விக்கூடத்திலே ஆசிரியராக நிற்க அவளுக்கு ஆண் உடையே தேவைப்படுகிறது. வீட்டிலே மனைவி, வெளியிலே ஆடவன்! கதை இன்பமாக முடிந்தது. கதவு மட்டும் மூடியே கிடந்தது.

இத்தொடர்களைக் கண்டவர் கண்ணீர் வடித்தனர். ‘அவன் துயரம் தீராதா?’ என்று ஏங்கினர். ஏன் ஏங்க முடிந்தது? உடைக்குள்ளே இருப்பவள் பெண் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாதவன் நடுங்குகிறான், தெரிந்தவர் சிரிக்கிறார். அந்த இரகசியமே பார்ப்பவருக்குக் கேடயம்.

கேடயம் இல்லாதவர் நிலை என்ன? 2000-ஆம் ஆண்டு, ஹாங் சொக்-சியோன் என்னும் கொரிய நடிகர், தாம் ஆடவரை விரும்புபவர் என்று வெளிப்படையாகக் கூறினார். தொலைக்காட்சி வாய்ப்புகள் அவரைவிட்டு நீங்கின. ‘சங்கியுன்குவான் ஸ்கேண்டல்’ வந்த அதே 2010-இல், எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியிலே கிம் சூ-ஹியோன் எழுதிய குடும்பத் தொடர் ஒன்று, வேடமேதும் இன்றி, இரு ஆடவரின் காதலையும் அதை ஏற்கும் பெற்றோரையும் காட்டிற்று. அதனை எதிர்த்து நாளேட்டிலே விளம்பரம் வெளியிட்டனர் சிலர்! ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஆணென்று நம்பி ஆணுக்காக ஏங்கியவனுக்குக் கண்ணீர். ஆணென்று அறிந்தே ஆணை நேசித்தவனுக்குக் கண்டனம். இரு கதையிலும் நெஞ்சம் ஒன்றே, நேசம் ஒன்றே. வேறுபட்டது என்ன? இறுதியிலே களைவதற்கு ஓர் உடை இருந்ததா, இல்லையா என்பதுதான்!

ஆகவே, வேடக் கதைகளை வெறுங்கேலி என்று ஒதுக்குவதும் தவறு; விடுதலைப் பாட்டு என்று போற்றுவதும் மிகை. பெண்ணை அடைத்த சுவரை அவை வெளிப்படையாக இடித்துரைத்தன. தன்பால் காதலுக்கு எதிரான சுவரிலோ, சன்னல் ஒன்றைத் திறந்துவிட்டு, கதை முடியும்போது மீண்டும் சாத்திவிட்டன. ஆயினும், சன்னல் வழியே உள்ளே பார்த்துவிட்ட மக்கள், பார்த்ததை மறப்பரோ?

காலமும் நின்றுவிடவில்லை. தாய்லாந்தில் 2014 முதற்கொண்டு, இளைஞர் இருவரின் காதலை மறைப்பின்றிக் கூறும் தொடர்கள் பெருகின. தைவான் 2019 மே திங்களில் ஒருபாலர் திருமணத்தைச் சட்டமாக்கிற்று. தாய்லாந்தில் அத்தகைய சட்டம் 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. கொரியாவின் உச்சநீதிமன்றம் 2024 சூலையில், ஒருபால் துணைவருக்கும் மருத்துவக் காப்பீட்டு உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. திருமண உரிமைச் சட்டம் அந்நாட்டில் அப்போதும் இல்லை.

யிங்தாய் கல்வி கற்க வேடம் தேவைப்பட்டது. இன்று சீனத்துப் பெண் கல்லூரி செல்ல வேடம் வேண்டியதில்லை. சுவர் இடிந்ததும் வேடம் தானே விழுந்தது. ஹான்-கியுல் ஆண் என்று எண்ணிய ஒருவரை ஏற்றானே, அந்த ஒரு நொடியின் துணிவு நாட்டுக்கும் வருமானால், அன்புக்கும் வேடம் தேவைப்படாது. நாடகம் ஒத்திகை பார்த்துவிட்டது. நடத்திக் காட்ட வேண்டியது நாடு!