நாற்சார் வீடும் அதன் உறுதியும்

கட்டடக் கலையின் வரலாற்றைப் பேசுவோர் கோயிலையும் கோட்டையையும் பேசுகின்றனர். மனிதர் குடியிருந்த வீட்டைப் பேசுவது அரிது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் வரலாற்றை அறிய நமக்கு இரு சான்றுகள் உள்ளன. ஒன்று சுவர், மற்றையது பெட்டகத்துள் இருக்கும் உறுதி. இவ்விரண்டையும் ஒருங்கே வாசித்தாலன்றி உண்மை புலப்படாது.

நடுவே வானம் பார்த்த முற்றம், அதனைச் சூழ நாற்புறமும் தாழ்வாரம், அதனையடுத்து அறைகள் என்பதே இவ்வீட்டின் அமைப்பு. வெயிலைத் தணித்துக் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே கொணர இதனினும் எளிய வழி இல்லை. சுண்ணாம்பு இம்மண்ணின் கல்லைச் சுட்டுப் பெற்றது. வளையும் சலாகையும் பனைமரத்தில் அரிந்தவை. குசினி, யன்னல், அலுமாரி என்னும் சொற்களோ 1619 முதல் 1658 வரை இங்கு ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. இவ்வமைப்பிற் சமுதாயப் படிமுறையும் உண்டு. திண்ணை விருந்தினருக்கு, உள்வீடு உறவினருக்கு, மரமேறியவரும் வேலியடைத்தவரும் நின்றதோ கோடிப்புறத்தில். கூரைக்கு மரம் தந்த கைகள் அக்கூரையின் கீழ் அமர்ந்ததில்லை.

இனி, உறுதி கூறுவதைக் கேட்போம். யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். பன்னிரு முதலிமார் அதனைச் சரிபார்த்து ஒப்பினர். ஆங்கிலேயர் 1806இல் அதனைச் சட்டமாக்கினர். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தினை அது மூவகைப்படுத்துகின்றது. தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், தேடியதேட்டம் இருபாலார்க்கும் என்பதே பழைய முறையென அந்நூல் குறிக்கின்றது. ஆகவே வீடு பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. ஒரு வளவு பல மகளிர்க்குப் பங்காகும்போது கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு எழுதப்பட்டது.

இது பெண்ணுக்கு உயர்ந்த நிலையன்றோ எனச் சிலர் வினவலாம். உறுதியிற் பெயர் இருப்பது வேறு. உரிமை இருப்பது வேறு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். வீடு அவளுடையது; அதனைக் கையளிக்கும் அதிகாரம் அவளுடையதன்று.

அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய தனிப்பகுதியும் உண்டு. நிலத்தோடும் நகையோடும் மனிதரும் சீதனமாகக் கொடுக்கப்பட்டனர். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அடிமைமுறையை ஒழித்தது. ஆயின் விடுதலை பெற்றவர்க்கு நிலம் கிடைக்கவில்லை. பிறர் வளவின் ஓரத்திற் குடிசையிட்டு அவ்வீட்டாருக்கே உழைக்க நேர்ந்தது. சட்டம் மாறிற்று, கோடிப்புறம் மாறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இளைஞர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அலுவலகங்களிலும் எழுதுவினைஞராயினர். அங்கிருந்து வந்த பணம் ஓலைக் கூரையை ஓட்டுக் கூரையாக்கிற்று, மண்சுவரைக் கற்சுவராக்கிற்று. சகோதரியின் சீதனத்துக்காகச் சகோதரன் ஆண்டாண்டுகளாகக் கடல் கடந்து உழைத்தான். அழகிய முகப்புகளைக் கண்டு மகிழும் நாம், அவற்றைச் சீதனம் என்னும் சுமையின் கணக்காகவும் காணல் வேண்டும்.

பின்னர் போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 அக்டோபரில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தது. பல வீடுகள் தரைமட்டமாயின, உறுதிகளும் அழிந்தன. 2009க்குப் பின் நிலம் படிப்படியாக விடப்பட்டபோது உறுதி உடையோர் தம் எல்லையைக் கேட்டுச் சென்றனர். பத்தாண்டு ஆட்சியால் பிறர் உரிமை கொள்ளும் ஆட்சியுரிமைச் சட்டத்திலிருந்து, போரினால் தம் உரிமையைக் கோர இயலாதிருந்தோரைக் காக்க 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. பிறர் வளவின் ஓரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவரோ எதைக் காட்டி எதைக் கேட்பர்? இழந்ததற்கும் ஓர் உறுதி வேண்டியிருக்கின்றது.

எஞ்சிய நாற்சார் வீடுகளைப் பேணுதல் வேண்டும் என்னும் குரல் இன்று எழுந்துள்ளது. அது நன்றே. ஆயின் முற்றத்தையும் தூணையும் மட்டும் பேணி, கோடிப்புறத்தை மறப்போமாயின், நாம் காப்பது வரலாற்றையன்று, உடைமையாளரின் பெருமையையே. ஆசிரியர்கள் தம் மாணவரிடம் ஊரிலுள்ள பழைய வீடொன்றைக் காட்டி, இது யார் பெயரில் இருந்தது என வினவட்டும்; யார் கட்டினர், யார் உள்ளே வரவில்லை எனவும் வினவட்டும். பின்னிரு வினாக்களுக்கும் விடை எந்த உறுதியிலும் இராது. அவ்விடை முதியோரின் நினைவில் இன்னும் இருக்கின்றது. அவர் இருக்கும்போதே அது எழுதப்படல் வேண்டும்.