மாத்திரை நின்ற பின்

மனித உடலுக்குள் ஓசையின்றி ஓடித் திரியும் தூதுவர் சிலர் உளர். ஓர் உறுப்பில் பிறந்து, குருதியிற் கலந்து, வேறோர் உறுப்பை அடைந்து, "எழுக" என்றோ "நிற்க" என்றோ ஆணையிடுவது அவர்தம் தொழில். 1902-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு உடலியல் அறிஞர்கள் இத்தகைய தூதுப் பொருள் ஒன்றைச் சிறுகுடலில் கண்டறிந்தனர். 1905-இல் ஸ்டார்லிங் இவ்வகைப் பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்று பெயரிட்டார். கிளர்ந்தெழச் செய்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது.

இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்கள் ஹார்மோன் கலந்த கர்ப்பத்தடை மாத்திரைகளை உண்கின்றனர். என்றோ ஒருநாள் அவர்கள் அதை நிறுத்துகின்றனர். நிறுத்திய பின் உடல் தன் பழைய ஒழுங்கிற்குத் திரும்புமா? திரும்ப நாம் என்ன துணை செய்யலாம்? இவ்வினாக்களுக்கு அச்சமூட்டும் விடைகளும் உண்டு. ஆசை காட்டி விற்கப்படும் விடைகளும் உண்டு. மாத்திரையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் நேரிய விடை ஒன்று கிடைக்கும்.

கருவுற்றிருக்கும் காலத்தில் புதிய சினைமுட்டை வெளிப்படுவதில்லை. இவ்வுண்மையிலிருந்தே கதை தொடங்குகிறது. ஆஸ்திரிய நாட்டு இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூட்விக் ஹாபர்லாண்ட், 1919-இல், சினையுற்ற முயலின் சினைப்பையை எடுத்து மற்றொரு முயலின் உடலில் பதித்தார். அம்முயல் சில காலம் சினையுறாமல் இருந்தது. பின்னர் பழைய நிலைக்குத் திரும்பியது. தடை தற்காலிகமானது என்பதே இச்சோதனையின் உயிர்நாடி. இத்தடையைச் செய்யும் பொருள்களுள் தலையாயதாகிய புரோஜெஸ்டிரோன் 1934-இல் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும் விலங்குகளின் உறுப்புகளிலிருந்து அதனை மிகச் சிறு அளவிலேயே பெற முடிந்தது.

அக்குறையைத் தீர்த்தது ஒரு காட்டுக் கிழங்கு. அமெரிக்க வேதியியல் அறிஞர் ரஸ்ஸல் மார்க்கர் 1942-இல் மெக்ஸிகோ நாட்டின் வெராக்ரூஸ் மாநிலத்திற்குச் சென்று, ஒரு கடைக்காரரின் துணையோடு 'கபேஸா தே நெக்ரோ' என்னும் வள்ளிக்கிழங்கு இனத்தைப் பெற்றார். அதிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் படிப்படியாக வேதியியல் முறையில் சிதைத்துப் புரோஜெஸ்டிரோனாக மாற்றிக் காட்டினார். 1944-இல் மெக்ஸிகோ நகரில் சின்டெக்ஸ் என்ற நிறுவனம் தோன்றியது. அங்கே 1951 அக்டோபர் 15-ஆம் நாள், கார்ல் ஜெராஸியின் ஆராய்ச்சிக் குழுவில் பணிபுரிந்த லூயிஸ் மிராமோன்டெஸ் என்னும் மாணவர், வாய்வழியே உண்டாலும் வலிமை குன்றாத நோரெதிஸ்டிரோனை உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம்.

அமெரிக்காவில் கிரெகரி பிங்கஸ் என்ற உயிரியல் அறிஞர் இப்பொருள்களைக் கொண்டு கர்ப்பத்தைத் தடுக்க முயன்றார். அவரை இப்பணிக்குத் தூண்டியவர் மார்கரெட் சாங்கர். பொருளுதவி நல்கியவர் காதரின் மக்கார்மிக். இருவரும் பெண்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பிங்கஸுடன் இணைந்த மருத்துவர் ஜான் ராக்கோ குழந்தைப் பேறின்றி வருந்தும் பெண்களுக்கு வைத்தியம் செய்து வந்தவர். சில மாதங்கள் ஹார்மோன் கொடுத்துச் சினைப்பைக்கு ஓய்வளித்துப் பின் நிறுத்தினால், அது புத்துணர்வோடு இயங்கக்கூடும் என்று அவர் எண்ணினார். எண்பது பெண்களுக்கு அவ்வாறு கொடுத்து நிறுத்தினார். நான்கு மாதங்களுக்குள் பதின்மூவர் கருவுற்றனர். மருந்து கொடாத பெண்களோடு ஒப்பிட்டுப் பாராததால் இதனை உறுதியான சான்று என்று கொள்வதற்கில்லை. எனினும் ஓர் உண்மையை நாம் கவனிக்க வேண்டும். மாத்திரையின் வரலாற்றில் 'நிறுத்திய பின் என்ன?' என்ற வினா கடைசியில் வந்ததன்று, தொடக்கத்திலேயே எழுந்தது.

1956-இல் போர்ட்டோ ரிக்கோ தீவின் ரியோ பியெத்ராஸ் குடியிருப்பில் பெருஞ்சோதனை தொடங்கியது. அங்கே வாழ்ந்தோர் எளிய குடும்பத்துப் பெண்கள். அம்மாத்திரை புதியது, சோதனையில் இருப்பது என்ற செய்தி அவர்களுக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை. பணியை நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்கிறது என்றும், ஆனால் நூற்றுக்குப் பதினேழு பேர் குமட்டல், தலைசுற்றல், தலைவலி முதலியவற்றால் துன்புறுகின்றனர் என்றும் எழுதினார். அவர் எச்சரிக்கைக்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை. 1957-இல் 'எனோவிட்' என்னும் மாத்திரை மாதவிடாய்க் கோளாறுகளுக்கு மருந்தாகவும், 1960-இல் கர்ப்பத்தடைக்காகவும் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. அதில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராமே உள்ளது.

1961-இல் மாத்திரை உண்ட ஒரு பெண்ணின் நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்த செய்தி இங்கிலாந்திலிருந்து வெளிவந்தது. 1969-இல் பார்பரா சீமன் எழுதிய நூல் இத்தகைய தீங்குகளைத் தொகுத்துக் காட்டியது. மறு ஆண்டு ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். அறிஞர் பலர் சாட்சி கூறினர். ஆனால் மாத்திரை உண்ட பெண்ணொருத்தியும் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை. அவையில் அமர்ந்திருந்த இளம் பெண்கள் எழுந்து நின்று, "எங்களை ஏன் கேட்கவில்லை?" என்று முழங்கினர். அதன் பயனாக, மருந்தின் தீங்குகளைப் பெண்களுக்கே விளக்கும் அச்சிட்ட தாள் மாத்திரையோடு வழங்கப்படலாயிற்று.

அவ்விசாரணையைக் கேட்டு அஞ்சிய பலர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினர். அக்காலத்திலேயே மருத்துவர்களிடையே மற்றோர் ஐயமும் நிலவியது. நிறுத்திய பின்னர்ச் சிலருக்கு மாதக்கணக்கில் விலக்கு வரவில்லை. இது மாத்திரையின் தீங்கோ என்று கருதினர். பின்னர் ஆராய்ந்தபோது, அவர்களுள் பலருக்கு மாத்திரை தொடங்குமுன்பே மாதவிடாய் ஒழுங்கற்று இருந்தமை தெரிந்தது. ஒரு சிலருக்குத் தைராய்டு கோளாறு. ஒரு சிலருக்குச் சினைப்பை நீர்க்கட்டி நோய். வேறு சிலருக்குக் கடும்பட்டினியும் எடைக் குறைவும். மாத்திரை உண்ணும் நாட்களில் மாதந்தோறும் வரும் குருதிப்போக்கு உண்மையான மாதவிடாய் அன்று. ஹார்மோன் நின்றமையால் வருவது. ஆகவே முன்பிருந்த குறையை மாத்திரை திரையிட்டு மறைத்திருந்தது. திரை விலகியதும் குறை வெளிப்பட்டது.

உடல் திரும்பும் வழி யாது? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையை இயக்கும் இரு ஹார்மோன்களை அனுப்புகிறது. மாத்திரையின் ஹார்மோன்கள் குருதியில் உள்ளவரை அச்சுரப்பி அடங்கியிருக்கிறது. நிறுத்திய சில நாட்களில் அவை உடலை விட்டு நீங்குகின்றன. சுரப்பி மீண்டும் விழிக்கிறது. பலருக்குச் சில வாரங்களிலும், பெரும்பாலோர்க்கு மூன்று மாதங்களுக்குள்ளும் மாதச் சுழற்சி திரும்பிவிடும். ஐரோப்பாவில் நிகழ்ந்த பெரிய ஆய்வொன்றில், குழந்தை விரும்பி மாத்திரையை நிறுத்திய பெண்களுள் நூற்றுக்கு எழுபத்தொன்பது பேர் ஓராண்டிற்குள் கருவுற்றனர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி வகையில் மட்டும் இத்திரும்புதல் பல மாதங்கள் தாமதமாகலாம். முதல் மாதவிடாய்க்கு முன்பே சினைமுட்டை வெளிப்படக்கூடும். ஆதலின் கர்ப்பம் வேண்டாதார் நிறுத்திய நாள் முதலே வேறு காப்பைக் கொள்ள வேண்டும்.

இனி, துணை செய்வது எப்படி? உடலிலிருந்து ஹார்மோன் நஞ்சைக் கழுவி அகற்றுவதாகச் சொல்லும் பொடிகளும் கஷாயங்களும் வேண்டுவதில்லை; அவ்வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செவ்வனே செய்கின்றன. காட்டு வள்ளிக்கிழங்குக் களிம்பு இயற்கைப் புரோஜெஸ்டிரோன் தரும் என்றும் விற்பனையாளர் கூறுவதுண்டு. மார்க்கர் ஆய்வுக்கூடத்தில் செய்த மாற்றத்தைச் செய்யும் ஆற்றல் மனித உடலுக்கு இல்லை. ஆகையால் அக்கூற்று பொருந்தாது. வயிறார உண்ணல், போதிய உறக்கம், மிகையற்ற உழைப்பு, அளவான எடை ஆகியவையே பிட்யூட்டரி மதிக்கும் துணைகள். உணவு குறைந்தால் அது சினைப்பையை இயக்குவதை நிறுத்திவிடும். குழந்தை விரும்புவோர் ஃபோலிக் அமிலம் உண்பது நலம். மூன்று மாதங்கள் கடந்தும் விலக்கு வாராவிடில், முதலில் கர்ப்பம் உண்டா என்று சோதித்து, பின் மருத்துவரை நாடுதல் வேண்டும். வாளாவிருப்பதும், விளம்பரத்தை நம்புவதும் ஒருசேரத் தவறே.

நண்பர்களே! ஹாபர்லாண்டின் முயல் முதல் இன்றைய ஆய்வுகள் வரை, உடல் தன் ஒழுங்கைத் தானே தேடிக்கொள்கிறது என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது. ஆனால் அது மற்றொன்றையும் காட்டுகிறது. ரியோ பியெத்ராஸ் பெண்களுக்கு முழு உண்மை சொல்லப்படவில்லை. வாஷிங்டன் பெண்கள் அதனைக் கேட்டுப் பெற்றனர். மாத்திரையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் தன் உடலைப் பற்றிய உண்மையை அறிவது ஒவ்வொரு பெண்ணின் உரிமை. அவ்வுரிமையைக் காப்பது, கற்ற நம் அனைவரின் கடமை.