நம் சமையற்பெண்டிர் சொன்ன வரலாறு

நம்மவர் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் அரசாணையையும் தேடுவர். அடுக்களையை எட்டிப் பார்ப்பதில்லை. 1951-ஆம் ஆண்டு வெளிவந்து புகழ்பெற்ற 'சமைத்துப் பார்' நூலும் மரக்கறி உணவையே சொல்லிற்று. ஆதலால், சமையலில் முதிர்ந்த நம் தாய்மாரிடமே கேட்டறிந்தோம்.

அவர்கள் முதலிற் பேசியது உப்புக்கண்டத்தைப் பற்றி. இறைச்சியை நீளவாக்கிற் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றிற் கோத்து, ஈரம் அறும்வரை வெயிலிற் காயவிடுவர். நீர் வற்றி உப்பேறினால் எளிதிற் கெடாது. கிடைத்த நாளிற் பெற்றதைக் கிடைக்காத நாளுக்குக் காத்துவைக்கும் அறிவு இது. இதனை இழிவென்றோர் கருவாட்டை மட்டும் விரும்பி உண்டதை என்னென்பது! கூழுக்கும் பக்குவம் உண்டு. கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் வெந்த நொய்யில் ஊற்றிக் கட்டிபடாமற் கிளறுவர். நெல்லை விளைவித்த தம் வீட்டில் நெற்சோறு கண்டது பண்டிகை நாளில்தான் என்றார் ஒரு மூதாட்டியார்.

1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பெற்றபின் நம் பெண்கள் பலர் பள்ளிச் சமையற்கூடங்களிற் பணியேற்றனர். அங்கும் சாதி வந்து நின்றது. 2018 ஜூலையில், அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நம் பெண் ஒருவர் சமைப்பதை ஆதிக்கச் சாதிப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர். உணவிற் குறை சொன்னாரில்லை. சமைத்த கையையே மறுத்தனர். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினர். கண்டனம் எழவே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. அவர் அப்பள்ளியிலேயே பணியைத் தொடர்ந்தார்.