வளைந்த கால் பிறந்த கதை

கல்முனையில் தளபாடக் கடைக்குள் நுழைகிறவர் கதிரையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதற்கேள்வி, "இது முழு மரமா, ஒட்டா?" என்பதுதான். ஒட்டு என்றால் விலை பேசுவது அத்தோடு முடிந்தது. கலியாண வீட்டுக்குப் போகும் சாமான் என்றால் இன்னும் கறார். வாடையில் ஊறி, கச்சானில் காய்ந்து வெடிக்கும் இந்தக் கரையில் அந்தச் சந்தேகம் சும்மா வந்ததல்ல. ஈரம் குடித்து உப்பி, ஓரம் உரிந்த துகள்பலகை அலுமாரிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் வளைந்த கால், வளைந்த கைப்பிடி என்று வந்தால் கதை வேறு. அங்கே முழு மரத்தைவிட ஒட்டு மரம்தான் பலம். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாய்மனைக் கதிரையின் வளைந்த கையை முழு மரத்தில் எப்படி எடுக்கிறார்கள்? அகலமான தேக்குப் பலகையில் அச்சை வைத்துக் கீறி, கோட்டோடு வாளை ஓட்டி வளைவாக அறுப்பார்கள். உள்வளைவிலும் வெளிவளைவிலும் விழுகிற துண்டில் பெரும்பங்கு அடுப்புக்குத்தான். மரம் வீணாவதை விடுங்கள். பெரிய குறை வேறு. மரத்தின் நார் நேராக ஓடுகிறது, கோடோ வளைந்து போகிறது. வளைவின் நுனிக்கு வரும்போது நார் குறுக்கே வெட்டுப்பட்டுக் குட்டை குட்டையாக நிற்கும். பாரம் ஏறினால் முதலில் பிளப்பது அங்கேதான். எந்த ஓடாவியாருக்கும் இது தெரியும்.

ஜேர்மனியில் ரைன் நதிக்கரை ஊரான பொப்பார்டில் மிக்கேல் தோனெட் என்ற தச்சருக்கும் இது தெரிந்திருந்தது. 1796இல் பிறந்தவர். 1830களில் அவர் மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவி, கட்டாகக் கட்டி, கொதிக்கும் பசையில் போட்டு ஊறவைத்து, சூட்டோடு சூடாக அச்சில் வளைத்தார். பசை இறுகியதும் வளைவு நின்றுவிட்டது. நாரும் வளைவோடு அறுபடாமல் ஓடியது. இந்த முறையில் 1836இல் ஒரு கதிரையும் செய்தார். மறு ஆண்டே ஒரு பசை ஆலையையும் வாங்கிவிட்டார். தன் வேலையின் உயிர் மரத்தில் பாதி, பசையில் பாதி என்பது அந்த மனிதருக்கு விளங்கியிருக்கிறது.

இதன் கணக்கு அழகானது. ஒரு பட்டையின் கனம் பாதியானால் அதை வளைக்கத் தேவையான பலம் எட்டில் ஒன்றாகிவிடும். 30 மில்லிமீற்றர் கட்டை ஒன்றை 3 மில்லிமீற்றர் பட்டைகள் பத்தாக்கி, ஒட்டாமல் சேர்த்து வளைத்தால், முழுக் கட்டைக்கு வேண்டிய பலத்தில் நூறில் ஒரு பங்கு போதும். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வளைகின்றன. பசை இறுகியபின் அவற்றால் வழுக்க முடியாது. பத்தும் ஒரே கட்டையாகி நூறு மடங்கு விறைப்பாகிவிடும். வளைவைப் பிடித்து நிறுத்துவது இந்த வித்தியாசம்தான்.

ஆஸ்திரியாவின் மெற்றர்னிக் பிரபுவின் அழைப்பில் தோனெட் 1842இல் வியன்னா போனார். அங்குள்ள கோப்பிக் கடைகளுக்குக் கதிரை செய்தார்; 1851இல் லண்டன் கண்காட்சியில் பதக்கமும் பெற்றார். பிறகு கடல் கடந்து சரக்கு போகத் தொடங்கியபோதுதான் அடி விழுந்தது. அந்தக் காலத்துப் பசை விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சியது. வெந்நீரில் கரைந்து உருவான பசை, வெப்பமும் ஈரமும் கூடியபோது திரும்ப இளகியது. வெப்ப நாடுகளுக்குப் போன கதிரைகளில் பட்டைகள் பிரிந்து விரிந்தன. நம் கரையில் நிற்கிற அதே காற்றுதான் அந்தத் தொழிலை மறித்தது.

தோனெட் ஒட்டையே கைவிட்டுவிட்டார். நீராவியில் அவிந்த மரம் நசுங்கச் சம்மதிக்கும், இழுபடச் சம்மதிக்காது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் இழுத்தால் கிழிந்துவிடும். ஆகவே வெளிவளைவில் இரும்புப் பட்டியை இறுகப் பிடித்து, மரம் முழுவதையும் நசுங்க வைத்தே வளைத்தார். 1856இல் அதற்கு உரிமை பெற்றார். 1859இல் வந்த 14ஆம் இலக்கக் கதிரைக்கு ஆறு மரத்துண்டும் சில திருகாணியும் சுரையும்தான். கழற்றினால் ஒரு கன மீற்றர்ப் பெட்டிக்குள் 36 கதிரை அடங்கும். கோடிக்கணக்கில் விற்றது. ஒட்டு வளைவு மூலையில் கிடந்தது.

அதை எழுப்பியது புதிய பசை. பின்லாந்தின் அல்வார் ஆல்ட்டோ 1930களில் பேர்ச் மரத்தை அடுக்காக ஒட்டி வளைத்துக் கதிரை செய்தார். அதே பத்தாண்டில் யூரியா போமல்டிகைட் பசை வந்தது. இரண்டாம் உலகப் போரின் மொஸ்கிற்றோ மர விமானங்கள் முதலில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையில் ஒட்டப்பட்டவை. பின்னர் இந்தப் புதிய பசைக்கு மாறின. 1944இல் இந்தியாவில் சில விமானங்கள் உடைந்து விழுந்தபோது, ஈர வெப்பம் மூட்டுகளைத் தின்றதா, கட்டும்போதே மூட்டுகள் சரியாகப் பொருந்தவில்லையா என்று பெரிய வாதமே நடந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை மிஞ்சியது. கதிரைக் கால் மேலே தடித்து, கீழே மெலிந்து வரவேண்டும். ஒரே கனப் பட்டைகளை ஒட்டி வளைத்துவிட்டுப் பிறகு நுனியைச் சீவினால் வெளிப்பட்டைகள் இடையில் அறுபடும். பசைக் கோடு தோலில் வந்து படிபடியாகத் தெரியும். நார் மறுபடியும் வெட்டுப்படும். எதைத் தவிர்க்க ஒட்டினோமோ அதே பிழை வேறு வாசலால் உள்ளே வந்துவிடும்.

தீர்வு, ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பட்டையையும் நுனி நோக்கி மெலிவாகச் சீவிவிடுவது. வில் செய்கிறவர்கள் கடந்த நூற்றாண்டின் நடுவிலேயே இதைச் செய்துவந்தார்கள். தளபாடத்தில் அதை ஒரு முறையாக வளர்த்து, 1970களில் எழுதியும் கற்பித்தும் பரப்பியவர் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் கைவினை கற்பித்த ஜெரி ஒஸ்குட். எட்டுப் பட்டை, ஒவ்வொன்றும் அடியில் 4 மில்லிமீற்றர், நுனியில் 2. ஒட்டினால் 32இலிருந்து 16க்கு இறங்கும் கால். ஒரு பட்டையும் இடையில் அறுபடாது. தென்னோலை ஈர்க்கைப் போல நுனிக்குப் போகப்போக இளகிக் கொடுக்கும். அப்படிச் செய்த காலைப் பக்கவாட்டில் பாருங்கள்: பசைக் கோடுகள் எட்டுப் பட்டைக்கு ஏழாக அடியில் விலகி நின்று, நுனியில் நெருங்கி, ஒன்றும் தொலையாமல் போய் முடியும். இந்தத் தொழிலில் எனக்கு இதைவிட அழகான காட்சி கிடையாது.

இதற்குப் பெரிய யந்திரம் வேண்டாம். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்த சரிவுப் பலகை ஒன்று செய்து, பட்டையை அதன்மேல் வைத்து, கனம் சீவும் யந்திரத்துக்குள் விட்டால் போதும். பட்டை அந்தச் சரிவுக்குத் தக்கபடி மெலிந்து வரும். மரக்காலையில் அகலப் பலகை தேட வேண்டியதில்லை. ஒடுங்கிய, முடிச்சில்லாத, நேர் நாருள்ள தேக்கோ மஹோகனியோ போதும். வாள் பொடியாக்கித் தின்னும் பங்கு இதிலும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது.

நம் கரைக்குப் பசைதான் மார்க்கம். கடையில் எளிதாகக் கிடைக்கும் வெள்ளைப் பசை வேண்டாம். அது காய்ந்தபின்னும் வெப்பத்தில் இளகி மெல்ல ஊர்ந்துகொடுக்கும். வளைவு நாளடைவில் விரியும். வீட்டுக்குள் இருக்கும் கதிரைக்கு யூரியா பசை பிடிக்கும். விறாந்தையில் கடல்காற்று படும் கதிரைக்கு அது போதாது. ரிசோர்சினோல் அல்லது எபொக்சி வேண்டும். ரிசோர்சினோலில் கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும், தெரியட்டும். தேக்கில் எண்ணெய் உண்டு. சீவிய கையோடு தின்னரில் துடைத்து, அன்றைக்கே ஒட்ட வேண்டும். இரவு வைத்தால் எண்ணெய் மேலே வந்துவிடும். யூரியா பசை காய்ந்தபின் சீவும் தூசு நெஞ்சுக்கு ஆகாது, மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கச்சான் அடிக்கும் பகலில் அந்தப் பசை சட்டென்று இறுகும். ஆகவே கிளாம்புகளை முதலே அடுக்கிவைத்து, பசையில்லாமல் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் ஒட்டுங்கள். அச்சிலிருந்து கழற்றும்போது கால் சற்றே விரியும். பட்டை கூடினால் விரிவு குறையும். அந்தச் சிறு விரிவுக்கும் இடம் வைத்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அச்சை வளைத்து வெட்டிக்கொள்ளுங்கள்.